தோலில் நிற்கும் இலச்சினையே எங்கும் நிற்கும்

ஓர் இலச்சினை (பேச்சு வழக்கில் லோகோ) கணினித் திரையின் நடுவே, வெள்ளைப் பின்னணியில், உள்ளங்கை அகலத்தில் அழகாகத் தெரிவதைக் கொண்டு அதன் தகுதியை முடிவு செய்துவிட முடியாது. அதே வடிவம் பணப்பையின் மூலையில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நிறமே இல்லாமல் அழுத்தப்படும்போதும், காலணியின் அடியில் ரப்பராக வார்க்கப்படும்போதும், நெடுஞ்சாலைப் பலகையில் எட்டு மீட்டர் நீளத்துக்கு விரியும்போதும், கைபேசியில் கடுகளவு வட்டத்துக்குள் ஒடுங்கும்போதும் பார்ப்பவர் அதை உடனே அடையாளம் காண்கிறாரா என்பதே அதற்கு உரிய சோதனை. இந்தச் சோதனையில் தேறும் இலச்சினையை உருவாக்கும் வழியைக் கேட்டுப் பெருநகர விளம்பர நிறுவனங்களை நாடுவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அந்த வழியின் பெரும்பகுதி ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில், டை (உலோக அச்சு) அழுத்துவோரின் கைப்பழக்கத்திலும் பேட்டர்ன் (வெட்டு மாதிரி) வெட்டுவோரின் கணக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இந்தப் பதிவு வலியுறுத்தும் கருத்து.

பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும் அமைந்தன. ஆயினும் தொழில் என்ற அளவில் இவை இன்றும் ஒரே பகுதிதான். ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறியது பெரும்பாலும் அரைப்பதத் தோல். சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால், முழுப்பதத் தோல், காலணியின் மேற்பகுதியான அப்பர், முழுக் காலணி என்று தொழில் படிப்படியாக மேலேறியது. இந்த மாற்றத்தோடு இலச்சினை என்ற பொருளும் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. தோலை மட்டும் விற்றவருக்குக் கட்டின் மேல் ஒரு முத்திரை போதுமானதாக இருந்தது. காலணி செய்பவரோ வாங்கும் நிறுவனத்தின் அடையாளத்தை ஒரே பொருளில் பல இடங்களில், பல பொருள்களின் மேல், பிழையின்றி இட வேண்டியவரானார். இன்று ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் பல நாடுகளின் இலச்சினைகள் நாள்தோறும் அழுத்தப்படுகின்றன.

வாசகர் தம் தோல் காலணி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் இந்த வேலையின் விரிவு விளங்கும். பாதம் படியும் உள்விரிப்பில் (தொழிற்சாலை வழக்கில் சாக்) பொன்னிறத்திலோ வெள்ளி நிறத்திலோ பெயர் பதிந்திருக்கும். நாக்குப் பகுதியில் நெய்த துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் நிறமில்லாத பள்ளமாக ஒரு குறி இருக்கும். கொக்கியிலோ சிறு உலோகப் பொத்தானிலோ அதே குறி மீண்டும் வரும். அடிப்பகுதியில் ரப்பர் எழுத்தாக மேடிட்டு நிற்கும். காலணியைச் சுற்றிய மெல்லிய தாளிலும், பெட்டியிலும், பல பெட்டிகளை அடக்கும் பழுப்பு நிற அட்டைப்பெட்டியிலும், கடையின் இணையப் பக்கத்திலும் அது தொடரும். ஒரே வடிவம் உலோகத்தின் சூட்டையும், நூலின் தடிமனையும், ரப்பரின் ஓட்டத்தையும், மையின் பரவலையும், திரையின் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரே பொருளில் இத்தனை ஊடகங்கள் கூடும் தொழில்கள் மிகக் குறைவு. ஆகையால் இலச்சினை வடிவமைப்பைக் கற்பதற்குக் காலணியை விடச் சிறந்த பாடநூல் அரிது.

இவற்றுள் மிகக் கடினமானது நிறமில்லா அழுத்தம். வடிவம் செதுக்கப்பட்ட உலோக அச்சு டை எனப்படும். பெரும்பாலும் பித்தளையாலோ மெக்னீசியத்தாலோ செய்யப்படும் அதைச் சூடாக்கித் தோலின் மேல் சில நொடிகள் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. டைக்கும் தோலுக்கும் இடையில் நிறப்படலம் ஒன்றை வைத்து அழுத்தினால் அது ஃபாயில் ஸ்டாம்பிங். படலமின்றி அழுத்தினால் அது ப்ளைண்ட் எம்பாஸ். பின்னதில் மை கிடையாது, நிறம் கிடையாது, பின்னணிக்கும் வடிவத்துக்கும் வேறுபாடு காட்ட ஒளியும் நிழலும் மட்டுமே உண்டு. வடிவமைப்பாளர்கள் ஓர் இலச்சினையைக் கறுப்பு வெள்ளையில் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் உலகெங்கும் உள்ளது. தோல் அதைவிடக் கடுமையான சோதனையை வைக்கிறது, ஏனெனில் அது கறுப்பையும் எடுத்துவிடுகிறது. நிறத்தின் தயவில் பிரிந்து தெரிந்த இரண்டு இலைகள், இரண்டு சிறகுகள், இரண்டு வளையங்கள் எம்பாஸில் ஒன்றோடொன்று கலந்து ஒரே குழியாகிவிடுகின்றன.

தோலும் ஒரே வகைப் பொருளன்று. மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்புச் சத்தால் பதனிடப்பட்ட தோல் (வெஜிடபிள் டேனிங்) அழுத்தத்தை ஏற்று, சூட்டில் சற்றே கருத்து, பள்ளத்தைத் தெளிவாகக் காத்துக்கொள்ளும். புவிசார் குறியீடு பெற்ற ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இந்த மரபைச் சேர்ந்தது. குரோமியம் உப்பால் பதனிடப்பட்ட தோல், அதாவது வெட் ப்ளூ என்னும் நீலநிற நிலையைக் கடந்து வரும் தோல், மென்மையும் மீள்திறனும் மிக்கது. அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால் பள்ளத்தின் விளிம்பு மழுங்குகிறது. ஆட்டுத்தோலின் மேற்பரப்பில் இயற்கையாகவே உள்ள மணிமணியான அமைப்பு மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். ஸ்வேட் எனப்படும் பூம்பரப்புத் தோலில் இழைகள் நிமிர்ந்து விளிம்பை மறைக்கும், ஃபாயிலும் சீராக ஒட்டாது. எனவே அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டையும் இடைவெளியையும் தோலின் மேல் நம்பக் கூடாது என்பதை ஒரு பொதுவான பாதுகாப்பு எல்லையாகக் கொள்ளலாம். இடைவெளியும் கோட்டைப் போலவே முக்கியமானது என்பதைப் புதிய வடிவமைப்பாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். 40 மி.மீ. அகலத்தில் வரையப்பட்ட ஓர் இலச்சினையில் மிக மெல்லிய கோடு 1 மி.மீ. என்று கொள்வோம், சாக்கின் மேல் அது நன்றாகவே பதியும். அதே வடிவத்தை 10 மி.மீ. அகலமுள்ள உலோகப் பொத்தானுக்குச் சுருக்கினால் அந்தக் கோடு கால் மில்லிமீட்டராகி, வார்ப்பிலும் மேல்பூச்சிலும் காணாமல் போகிறது. இணைய உலாவியின் தாவலில் தோன்றும் குறி வழக்கமாக 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்டது. அங்கே அதே கோட்டுக்குக் கிடைப்பது ஒரு புள்ளியில் பாதிக்கும் குறைவு, அதாவது தெளிவற்ற சாம்பல் கறை. 8 மீட்டர் பலகைக்கு அதே வடிவத்தை 200 மடங்கு பெருக்கினால் கோடு 20 செ.மீ. தடிமனாகிறது, சிறிய அளவில் இதமாகத் தோன்றிய எழுத்திடைவெளிகள் அங்கே பெரிய பிளவுகளாகத் தெரிகின்றன. ஒரே கோப்பைச் சுருக்கியும் விரித்தும் எல்லா இடங்களுக்கும் அனுப்பிவிட்டால் போதும் என்ற எண்ணம் எங்கே உடைகிறது என்பதை இந்த நான்கு அளவுகளே காட்டிவிடுகின்றன.

மற்ற ஊடகங்களுக்கும் அவற்றுக்கே உரிய நிபந்தனைகள் உண்டு. அடிப்பாகத்தை வார்க்கும் அச்சான மோல்டில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றிச் செதுக்கப்படுகிறது. வார்த்த பொருள் மோல்டிலிருந்து கிழியாமல் வெளிவர, எழுத்தின் சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றே சரிந்திருக்க வேண்டும், ஆகவே கூர்மையான உள்மூலைகளும் ஒடுங்கிய குழிகளும் அங்கே தவிர்க்கப்பட வேண்டியவை. துத்தநாகக் கலவையில் வார்க்கப்படும் கொக்கிகளில் மெருகும் முலாமும் மூலைகளை உருட்டிவிடும். எம்பிராய்டரியில் ஊசி துளைக்கும் இடங்களுக்கு இடையே குறைந்த அளவு தூரம் தேவைப்படுவதால், ஏறத்தாழ 5 மி.மீ. உயரத்துக்குக் குறைந்த எழுத்து படிக்கத்தக்கதாக அமைவது கடினம். நெய்த சீட்டு அதைவிட நுட்பத்தைத் தாங்கும். பழுப்பு அட்டைப்பெட்டியில் நெகிழ்வான ரப்பர்த் தகட்டைக் கொண்டு அச்சிடும்போது (ஃப்ளெக்ஸோ முறை) மை விளிம்பைத் தாண்டிப் பரவுவதால் சிறு இடைவெளிகள் அடைபடுகின்றன. ஒரு பொருள் கோட்டைக் குறைக்கிறது, இன்னொன்று அதைத் தடிப்பாக்குகிறது. இரண்டையும் தாங்கும் வடிவத்தில் கோடும் இடைவெளியும் ஏறத்தாழ ஒத்த வலுவோடு இருக்கும்.

காலணிக்கே உரிய மேலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, தட்டையாக வெட்டப்படும் தோல், லாஸ்ட் எனப்படும் பாதவடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்தப்படும்போது வளைகிறது, நீள்கிறது. அப்படி இழுபடும் இடத்தில் முன்கூட்டியே இடப்பட்ட வட்டம் நீள்வட்டமாகிவிடும். இழுவை மிகுந்த முன்பகுதியைத் தவிர்த்து, நாக்கு, குதிகாலின் பின்புறம், பக்கவாட்டின் அமைதியான பகுதி ஆகியவற்றில் குறிகள் இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, காலணி எப்போதும் வலமும் இடமுமாக இணையாகவே பிறக்கிறது. கரோலின் டேவிட்சன் 1971இல் நைக்கி நிறுவனத்துக்காக வரைந்த வளைகோட்டை ஒரு காலுக்கு ஒரு திசையிலும் மறு காலுக்கு அதன் எதிர்த்திசையிலும் திருப்பி வைத்தாலும் அது அதே குறியாகவே நிற்கிறது. எழுத்தாலான இலச்சினையை அப்படித் திருப்ப இயலாது. (ஒரு காலணி நிறுவனம் பெயரெழுத்தோடு ஒரு தனிக் குறியையும் வைத்திருப்பது வீண் அலங்காரமாகாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.)

ஆம்பூர்ப் பகுதி வடிவமைப்புலகுக்கு அளிக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம் கிரேடிங் என்னும் கலையில் இருக்கிறது. ஓர் அளவுக்கு வரைந்த பேட்டர்னைப் பிற அளவுகளுக்கு விரித்தும் சுருக்கியும் எடுக்கும் முறைக்குக் கிரேடிங் என்று பெயர். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே லாஸ்டின் நீளம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. எனவே 36ஆம் எண்ணுக்கும் 42ஆம் எண்ணுக்கும் இடையே நீளத்தில் 4 செ.மீ. வேறுபாடு வருகிறது. ஆனால் பேட்டர்ன் வெட்டுபவர் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்குவதில்லை. நீளமும் அகலமும் வெவ்வேறு விகிதத்தில் கூடுகின்றன. தையலுக்காக விடப்படும் ஓரம் எந்த எண்ணிலும் மாறுவதில்லை, ஏனெனில் தையல் இயந்திரத்தின் ஊசி காலணியின் எண்ணைப் பார்த்துப் பெரிதாவதில்லை. கயிறு நுழையும் துளையின் விட்டமும் மாறுவதில்லை, ஏனெனில் கயிறு அதே கயிறு. எது வளர வேண்டும், எது அப்படியே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதே கிரேடிங்கின் உயிர்.

இலச்சினைக்கும் இதே அறிவு தேவை. அளவு மாறும்போது முழு உருவம் சுருங்கலாம். ஆனால் கோட்டின் குறைந்தபட்சத் தடிமனும் இடைவெளியின் குறைந்தபட்ச அகலமும் அந்தந்த ஊடகத்தின் எல்லைக்குக் கீழே இறங்கக் கூடாது. அவற்றை இறங்கவிடாமல் காக்க வேண்டுமானால் விவரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். பெரிய அளவில் குறி, பெயர், பெயரின் கீழ் சிறு வாசகம் ஆகிய மூன்றும் நிற்கலாம். நடு அளவில் வாசகம் விலக வேண்டும். சிறிய அளவில் பெயரும் விலகிக் குறி மட்டும் நிற்க வேண்டும். மிகச் சிறிய அளவில் குறியின் உள்விவரங்களும் விலகி அதன் புறவடிவம் மட்டும் நிற்க வேண்டும். இவை ஓர் இலச்சினையின் எண்களேயன்றித் தனித்தனி இலச்சினைகள் ஆகா. 36ஆம் எண்ணும் 42ஆம் எண்ணும் ஒரே மாடல் காலணி என்பது எப்படியோ அப்படி.

அச்சுக்கலையின் வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்து தனியாக வெட்டப்பட்டது. சிறிய எழுத்தில் கோடு சற்றுத் தடிப்பாகவும், உள்வெளி அகலமாகவும், எழுத்துகளுக்கு இடையிலான தூரம் தாராளமாகவும் அமைக்கப்பட்டன. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டிக்காக மாத்யூ கார்ட்டர் 1978இல் வடிவமைத்த பெல் சென்டெனியல் எழுத்துருவில், கோடுகள் சந்திக்கும் மூலைகளில் வேண்டுமென்றே வெட்டுகள் விடப்பட்டன. மலிவான தாளில் மை பரவி அந்த வெட்டுகளை நிரப்பியதும் எழுத்து சரியான உருவம் பெற்றது. மை பரவும் அட்டைப்பெட்டிக்கு இலச்சினையைத் தயாரிப்பவருக்கும் இந்த அணுகுமுறை அப்படியே பொருந்தும். பொருள் வடிவத்தை எப்படி மாற்றப்போகிறது என்பதை முன்னறிந்து, மாற்றத்துக்குப் பின் சரியாக வரும்படி வரைவதுதான் வடிவமைப்பு.

தமிழ் எழுத்தால் இலச்சினை அமைப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் இருக்கும் வெளி சிறிய அளவில் முதலில் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி எம்பாஸில் ஒன்று மறைந்துவிடும், அல்லது கூர்முனையாக அழுந்தித் தோலின் மேற்பூச்சை உடைக்கும். ஆம்பூர் என்ற பெயரை எழுதினாலே இரண்டு புள்ளிகள் வந்துவிடுகின்றன. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளி இடாமலே எழுதும் வழக்கம் இருந்தது என்பது சுவடிகளைப் படித்தோர் அறிந்தது. எழுதும் பொருளுக்கு ஏற்ப எழுத்து மாறுவது தமிழுக்குப் புதிதன்று. இன்றைய வாசகருக்குப் புள்ளி கட்டாயம் வேண்டும் என்பதால் அதை நீக்க இயலாது. ஆனால் கோட்டின் தடிமனை விடப் பெரிய விட்டத்தில், எழுத்தின் தலையிலிருந்து போதிய தூரத்தில், வட்டமாகவோ சிறு சதுரமாகவோ அமைத்தால் அது தோலிலும் நிற்கும். சுழிகளைத் திறந்து வரைவதும், உயிர்மெய்யின் கொக்கிகளைக் குறுக்காமல் விடுவதும் அவ்வாறே பயன் தரும். இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்களுக்குத் தமிழ் மிக அழகான குறியாகக்கூடிய எழுத்து. அந்த வாய்ப்பைத் தமிழ்நாட்டுத் தோல்பொருள் தயாரிப்பாளர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

சிறிய அளவிலும் எளிய ஊடகத்திலும் தோற்காத குறிகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஐரோப்பாவுக்குச் செல்லும் காலணிகளில் இப்பகுதித் தொழிற்சாலைகள் அன்றாடம் இடும் பொருட்குறிகள். 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட நெறிமுறையின்படி, காலணியின் மேற்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி ஆகியவை எதனால் ஆனவை என்பதை ஒவ்வோர் இணையிலும் ஒரு காலணியிலாவது காட்ட வேண்டும். சொற்களால் எழுதலாம், அல்லது வகுத்துத் தரப்பட்ட குறிகளைப் பயன்படுத்தலாம். பகுதிகளுக்கு மூன்றும் பொருள்களுக்கு நான்குமாகக் குறிகள் ஏழு: விரித்த தோலின் புறவடிவம் தோலைக் குறிக்கும், அதன் நடுவே சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சுப் பெற்ற தோல், வலைப்பின்னல் துணி, தனிச் சாய்சதுரம் வேறு பொருள். அச்சிட்டோ, ஒட்டியோ, அழுத்தியோ, இணைத்தோ எப்படியும் இவற்றை இடலாம் என்று நெறிமுறையே இடம் தருகிறது. எந்த மொழியும் தேவையில்லை, இரண்டாவது நிறம் தேவையில்லை, மெல்லிய கோடு ஒன்றும் இல்லை. விரித்த தோலின் புறவடிவம் கழுத்தும் கால்களுமாக ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. பூச்சுத் தோலுக்கு உரிய குறி ஏற்கெனவே உள்ள இரண்டு குறிகளின் சேர்க்கையாக அமைந்து, கற்பவரின் சுமையைக் குறைக்கிறது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ்ஐ முத்திரை. அதன் நடுக்குறி வலுவான, தெளிவான வடிவம். ஆனால் குறியின் மேலே இந்தியத் தர எண்ணும் கீழே உரிம எண்ணும் இடம்பெற வேண்டியிருப்பதால், சிறிய பரப்பில் குறி நிலைத்தாலும் எண்கள் மங்கிவிடும் இடர் உண்டு. சட்டப்படியான முத்திரையில் எண்கள் இன்றியமையாதவை. வணிக இலச்சினையைச் செய்பவருக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. நிறுவனம் தொடங்கிய ஆண்டு, ஊர்ப் பெயர், பொருளின் வகை, ஒரு முழக்கம் என்று வளையத்துக்குள் எழுத்துகளைச் சுற்றவிடும் பழக்கத்தால், அவரே முன்வந்து அந்த இடரை வரவழைத்துக் கொள்கிறார்.

பெரிய அளவின் நிலையைச் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை கற்பிக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. பலகையைப் படிக்க ஐந்து நொடிகள் வேண்டுமென்றால் 110 மீட்டருக்கு முன்பே எழுத்து தெரியத் தொடங்க வேண்டும். 10 அடித் தொலைவுக்கு 1 அங்குல உயரம் என்பது பலகைத் தொழிலில் வழங்கும் பழைய கணக்கு; அதன்படி அந்த எழுத்து சுமார் 90 செ.மீ. உயரம் இருந்தால்தான் வசதியாகப் படிக்கப்படும். ஆம்பூரைக் கடப்போரின் கண்ணுக்குப் படும் பிரியாணிக் கடைப் பலகைகளானாலும் ஷூ ஷோரூம் பலகைகளானாலும் இந்தக் கணக்குக்கு விலக்கில்லை. ஆக, 110 மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கப்படும் பெரிய பலகையும், கண்ணருகே பிடித்துப் பார்க்கப்படும் சிறு பொத்தானும் விழித்திரையில் விழும் பிம்ப அளவில் நெருங்கிவிடுகின்றன. பெரிய பரப்பு கிடைத்ததற்காக விவரங்களைக் கூட்டுவது அங்கும் பயன்படாது.

கோப்பின் வகை பற்றியும் ஒரு சொல் தேவை. ராஸ்டர் என்பது நிறப்புள்ளிகளால் ஆன படம். பெரிதாக்கினால் புள்ளிகள் தெரியும், விளிம்பு சிதையும். வெக்டார் என்பது கோடுகளையும் வளைவுகளையும் கணித வரையறையாகச் சேமிப்பது. எந்த அளவிலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். 1987இல் வந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டரும் 1989இல் வந்த கோரல்டிராவும் இந்த முறையைப் பரவலாக்கின. தமிழ்நாட்டின் அச்சகங்களிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிரா இன்றும் அன்றாடக் கருவி. டை செய்பவருக்கும், லேசர் இயந்திரத்துக்கும், மோல்டு செதுக்குபவருக்கும் வெக்டார் கோப்பே வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய படத்தைக் கொண்டு டை செய்யச் சொன்னால், செய்பவர் தம் ஊகத்தால் விளிம்பை மீண்டும் வரைய நேரிடுகிறது, அதன்பின் ஒரே நிறுவனத்தின் இலச்சினை இடத்துக்கு ஒரு வடிவமாகத் திரிகிறது. அதே வேளையில், வெக்டாராக இருப்பதாலேயே எல்லா அளவுக்கும் பொருந்திவிடும் என்று கருதுவதும் பிழை. கூர்மையாகச் சுருங்கும் கோடும் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தோலில் பதியாது.

நிறம் கடைசியாக வர வேண்டியது. பான்டோன் நிறுவனம் 1963இல் தொடங்கிய எண்முறை, அச்சு மையின் நிறத்தை நாடுகளுக்கு இடையே ஒரே சொல்லால் பேச வழி செய்தது; ஆனால் அதே எண் தோல் சாயத்திலும் நூலிலும் ரப்பரிலும் ஒரே தோற்றம் தராது, ஏனெனில் ஒவ்வொன்றும் ஒளியை வெவ்வேறாக உள்வாங்குகிறது. வண்ணங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருகிச் செல்லும் சாய்வு நிறமும், பின்னால் விழும் நிழலும் திரையில் மட்டுமே வாழக்கூடியவை. சட்டமும் இங்கே எளிமைக்குத் துணை நிற்கிறது: 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, நிற வரம்பு இன்றிப் பதிவு செய்யப்பட்ட குறி எல்லா நிறங்களுக்கும் பதிவானதாகக் கருதப்படும். தோல் பொருள்கள் 18ஆம் வகுப்பிலும் காலணிகள் 25ஆம் வகுப்பிலும் வருவதால், இரண்டையும் செய்யும் நிறுவனம் இரண்டு வகுப்புகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஒற்றை நிறத்தில் உறுதியாக நிற்கும் வடிவம் பயன்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் ஒருசேர உதவுகிறது.

இவற்றிலிருந்து ஒரு வேலைமுறை கிடைக்கிறது. வழக்கமான வரிசையில் திரையில் தெரியும் வடிவம் முதலில் அங்கீகரிக்கப்படுகிறது, பிறகு பெட்டி, பிறகு காலணி, இறுதியில் பொத்தான். ஒவ்வொரு படியிலும் வடிவம் சமரசம் செய்துகொள்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் 12 மி.மீ. அகலத்தில் ஒரு டை செய்து, பயன்படுத்தப்போகும் தோலின் துண்டுகளில் (மழமழப்பானது, மணிப்பரப்புடையது, ஸ்வேட் என மூன்றிலும்) நிறமில்லாமல் அழுத்திப் பார்க்க வேண்டும். அதில் தெரியாத விவரம் எதுவோ அதைக் குறியிலிருந்து நீக்கிவிட வேண்டும். அடுத்து அதே குறியை 16 புள்ளிச் சதுரத்திலும், வட்டமாக வெட்டப்படும் கைபேசி முகப்புப் படத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் பெயரைச் சேர்த்து, கிடைமட்டமாக ஒன்றும் மேலும் கீழுமாக ஒன்றும் அமைக்க வேண்டும். கடைசியில்தான் நிறமும் வாசகமும். ஒவ்வொரு வடிவமும் எந்த அளவுக்குக் கீழே பயன்படுத்தப்படக் கூடாது என்பதை மில்லிமீட்டரில் எழுதி, கோப்புகளோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரு டைக்கு ஆகும் செலவு, பின்னாளில் தவறான இலச்சினையோடு செய்யப்பட்ட மோல்டுகளையும் பெட்டிகளையும் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத்தக்கது ஆகாது.

இந்தப் பகுதி இதுவரை பிறருடைய அடையாளங்களையே மிகுதியாகச் சுமந்து வந்திருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் கையேடுகளில் குறி எத்தனை மில்லிமீட்டர், விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்த ஆழத்தில் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிழையின்றி நிறைவேற்றும் தொழிலாளரும் மேற்பார்வையாளரும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் நிறைந்திருக்கின்றனர். அதே ஊர்களில் சொந்தப் பெயரில் காலணியும் பெல்ட்டும் பணப்பையும் விற்கத் தொடங்கும் இளம் தொழில்முனைவோர், தம் இலச்சினையை இணையத்தில் கிடைக்கும் வார்ப்புருக்களிலிருந்து எடுத்துக்கொள்வதும், அது தோலில் பதியவில்லை என்றதும் டை அழுத்துபவரைக் கடிந்துகொள்வதும் வருத்தத்துக்கு உரியவை. பிழை அழுத்தியவருடையது ஆகாது. அவரைக் கேட்காமல் வரைந்ததே பிழை.

ஆகவே, புதிதாகப் பெயர் வைக்கவிருக்கும் ஒவ்வொரு தோல்பொருள் தயாரிப்பாளருக்கும் இந்தப் பதிவு முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: வடிவமைப்பாளரை முதல் நாளே தொழிற்சாலைக்கு அழைத்து வந்து, டை அழுத்துபவர், பேட்டர்ன் வெட்டுபவர், மோல்டு செய்பவர் ஆகிய மூவரோடும் உட்கார வைக்க வேண்டும். 12 மில்லிமீட்டரில், நிறமின்றி, தோலின் மேல் இந்த மூவரும் ஒப்புக்கொள்ளும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பலகையில் ஏற்றுவதும் திரையில் இடுவதும் அதன்பின் எளிது.